மறு: மறு: காப்பீடு எடுக்காதவர் கட்டும் பணத்துக்குச் சொல் தேவை

ப. (திருச்சி):
வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு 2012 அமெரிக்கத் தேர்தல் பரப்புரை பற்றிப் பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒபாமா 2010-இல் கொண்டுவந்த சட்டப்படி, மருத்துவக் காப்பீடு எடுக்காதவர் வருமான வரிக் கணக்கோடு சேர்த்து ஒரு பணம் கட்ட வேண்டும். குடியரசுக் கட்சியினர் அதை வரி என்றார்கள். ஒபாமா தரப்பு அபராதம் என்றது. இரு பக்கமும் சாயாத சொல் ஒன்று தாருங்கள்.

இரா. (மதுரை):
தண்டம் இருக்கக் கவலை எதற்கு? வரி தண்டுகிறோம்; பேரூராட்சியில் வரித்தண்டலர் இருக்கிறார். குற்றத்துக்குக் கட்டுவதும் தண்டம். இரண்டு பொருளும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. இன்னும் பழையது வேண்டுமென்றால் வள்ளுவரிடம் போகலாம். ‘உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும்’ என்கிறார். உல்கு சுங்கம். தெறுபொருள் பகைவரிடம் வாங்கும் திறை. தெறுதல் என்றால் சுடுதல், வருத்துதல். கட்டுபவனுக்குச் சுடத்தானே செய்யும்!

செ. (யாழ்ப்பாணம்):
ஐயா, எங்கள் பக்கம் தண்டப்பணம் என்றால் பொலிஸ் எழுதித் தருவது. அதைப் போட்டால் ஒபாமா பக்கம் சாய்ந்ததாகிவிடும். தெறுபொருள் என்றால் வகுப்பில் ஒருவருக்கும் விளங்காது.

வே. (சென்னை, வழக்குரைஞர்):
சட்ட வாசகத்திலேயே அபராதம் என்றுதான் இருக்கிறது. ஆனால் 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதைக் காப்பாற்றியது வரி விதிக்கும் அதிகாரத்தைக் காட்டித்தான். வேடிக்கை என்னவென்றால், கட்டுவதற்கு முன்பே வரியை எதிர்த்து வழக்குப் போடக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் உண்டு. அதற்கு மட்டும் இது வரி இல்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரான ராம்னி பாடு இன்னும் திண்டாட்டம். மாசசூசெட்ஸ் ஆளுநராக 2006-இல் அவரே இப்படிக் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். ஒபாமாவுடையது வரி என்றால் அவருடையதும் வரிதானே? அதனால் அவருடைய ஆலோசகர் முதலில் அபராதம் என்றார். கட்சிக்குள் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு நாளில், நீதிமன்றமே சொல்லிவிட்டது, வரிதான் என்றார் ராம்னி. பாடத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

கு. (கோவை):
காப்பு இல்லாதவர் கட்டுவது, ஆகவே காப்பிலித் தொகை. சுருக்கமாக இருக்கிறது.

செ.:
ஐயோ, வேண்டாம்! காப்பிலி எங்கள் ஊரில் கறுப்பினத்தவரை இழித்துச் சொல்லும் சொல். அதுவும் ஒபாமா பற்றிய பாடத்தில்!

கு.:
சரி, காப்பின்மைத் தொகை?

இரா.:
தண்டத்தைக் கைவிட்டது எனக்கு உடன்பாடில்லை. வடசொல் என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன், தண்டு, தண்டல் எல்லாம் தமிழ் வேர்.

கு.:
தண்டல் தமிழ், தண்டம் வடமொழி. இதை இங்கே எத்தனை முறைதான் பேசுவது? அப்புறம், தண்டச்சோறு என்ற வழக்கு இருக்கும் வரை மாணவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

வே.:
ஒரு தகவல். 2017-இல் வந்த வரிச் சட்டம், 2019 முதல் இந்தத் தொகையைச் சுழியமாக்கிவிட்டது. கட்டாயம் ஏட்டில் இருக்கிறது, கட்டப் பணம் இல்லை. இதற்குத்தான் மூன்று நாளாகப் பெயர் தேடுகிறோம்.

ப.:
நன்றி. நேரமில்லை, காப்பின்மைத் தொகை என்றே போடுகிறேன். தலைவர்கள் பேச்சை மேற்கோள் காட்டும் இடங்களில் அவரவர் சொன்ன வரியும் அபராதமும் அப்படியே இருக்கும். காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியைத் தனிநபர் ஆணை என்று முதலில் எழுதியிருந்தேன்; அதைக் காப்பீட்டுக் கட்டாயம் என்று மாற்றிவிட்டேன். ஆணை என்றதும் மக்கள் ஆணை என்று தேர்தல் முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

இரா.:
போடுங்கள். வேற்றுமைத்தொகை, பண்புத்தொகை, காப்பின்மைத்தொகை என்று இலக்கணத் தேர்வில் எவனாவது எழுதினால் என்னிடம் வராதீர்கள்.