பழைய லாரியில் இன்ஜின் தட்டுற சத்தம்: பார்த்தவங்க எழுதுங்க

ஆறுசிலிண்டர், காரைக்குடி:
ஆத்தங்குடிக் கல் ஏத்துற பழைய வண்டி. சூடானதும் ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காம ஓடும்போது) டொக் டொக். பிக் எண்டு (பிஸ்டன் ராடு கிராங்கில் மாட்டுற பேரிங்) போச்சுன்னு சம்பை, அதாவது அடியில் ஆயில் நிக்கிற தொட்டியை இறக்கி, ஆறு ராடுக்கும் புது பேரிங் போட்டாச்சு. ஸ்டார்ட் பண்ணினா அதே சத்தம். ஏர் டேங்க் நிரம்பி, கேஜ் முள் 7 கிலோகிட்ட வந்து அன்லோடர் (டேங்க் நிரம்பினதும் கம்ப்ரசரோட லோடை எடுக்கிற வால்வு) ‘புஸ்’னு விட்டுச்சு பாருங்க, அந்த நொடியே தட்டுறது அடங்கிடுச்சு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சுக் காத்தை இறக்கினா திரும்பவும் டொக் டொக். தேய்ஞ்சிருந்தது பிரேக்குக்குக் காத்து அடைக்கிற கம்ப்ரசரோட ராடு பேரிங்.

டீசல்பம்ப், தேவகோட்டை:
சம்பில் கை வைக்கிறதுக்கு முன்னாடியே டீசலைக் கட் பண்ணிப் பார்த்திருக்கணும் அண்ணே. ஐடிலில் ஓடவிட்டு, சிலிண்டருக்குள்ள டீசல் பீய்ச்சுற இன்ஜெக்டரோட பைப் நட்டை ஒவ்வொண்ணாத் தளர்த்தணும். துணி சுத்திட்டுக் கையைத் தள்ளியே வைங்க, பீய்ச்சுற டீசல் தோலைத் துளைச்சிடும். எந்த சிலிண்டரில் சத்தம் குறையுதோ, அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. சத்தம் கூடவே போனா இன்ஜெக்டர் முனையில இருக்கிற நாசில்தான் கோளாறு. அங்கேயே நின்னா ராடு பேரிங் இல்லன்னா பிஸ்டன். ஆறையும் ஒவ்வொண்ணாக் கட் பண்ணியும் மாறலைன்னா கோளாறு சிலிண்டரில் இல்லை, வெளியே தேடணும்.

லோடுவண்டி, பொன்னமராவதி:
கடைசி வரியை ஒத்துக்க முடியாது. கிராங்க்கைத் தாங்குற மெயின் பேரிங் தேய்ஞ்சிருந்தாலும் ஒரு சிலிண்டரைக் கட் பண்ணினா பெருசா மாறாது. பக்கத்துப் பக்கத்து ரெண்டைச் சேர்த்துக் கட் பண்ணினாத்தான் குறையும். அது கனமான ‘தும்’, லோடு இழுக்கும்போது கூடும், சூட்டில் ஆயில் பிரஷரும் இறங்கும். சத்தத்தை அமுக்க 90 கியர் ஆயில் கலந்து ஊத்துறாங்க, தயவுசெய்து செய்யாதீங்க. குளிர்ந்த ஸ்டார்ட்டில் கெட்டி ஆயில் பேரிங்குக்குப் போய்ச் சேர நேரமாகும், அதுக்குள்ள இன்னும் தேயும். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை வெயிலில் விரிச்சுப் பாருங்க. செம்பு நிறத்தில் மினுங்கினா பேரிங்கோட மேல்பூச்சு போயிடுச்சு. காலையில் தட்டி, சூடானதும் அடங்கினா பிஸ்டன் ஆட்டம். அதுக்குப் பேரிங் மாத்திப் பிரயோஜனமில்லை. இன்னொண்ணு, புது பேரிங் போட்டாங்களே, கிராங்க் ஜர்னலை (பேரிங் உக்காருற கிராங்க் பகுதி) மைக்ரோமீட்டரில் அளந்தாங்களா? ஓவலா இருந்தா கிரைண்டிங் பண்ணி 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போடணும். இல்லன்னா புது பேரிங்கும் சீக்கிரமே தட்டும்.

ஆறுசிலிண்டர், காரைக்குடி:
அளக்கலை. பழைய பேரிங்கில் 4-வது மட்டும் ஒரு பக்கமாச் செம்பு தெரிஞ்சுது. நாளைக்குச் சம்ப் திரும்ப இறங்குது.