ஜிப்ஸி கிங் 1999: 60 கி.மீ. வேகத்துல ஸ்டீயரிங் பேயாட்டம், டாம்பர் மாத்தியும் நிக்கல

கேள்வி

வண்டி 1999 ஜிப்ஸி கிங். டயர் 215/75 ஆர்15, முரட்டுப் பட்டன் டயர். முன்னும் பின்னும் ஒரிஜினலைவிட ஒன்றரை அங்குலம் நீளமான ஷேக்கிள் (பட்டா, அதாவது லீஃப் ஸ்பிரிங்கோட ஒரு முனையைச் சேஸிஸோட இணைக்கிற தகடு) போட்டிருக்கு. 55–60ல போகும்போது பாலத்து இணைப்பு மாதிரி ஒரு மேட்டுல ஏறி இறங்கினா போதும், முன் சக்கரம் ரெண்டும் இடமும் வலமுமா உதற ஆரம்பிக்குது. ஸ்டீயரிங்கைக் கையில பிடிக்க முடியல. 30க்கு இறக்கினாத்தான் அடங்குது. சமமான ரோட்ல 80 வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல.

வீல் பேலன்சிங் ரெண்டு தடவை, அலைன்மென்ட் ஒரு தடவை ஆச்சு. ஸ்டீயரிங் டாம்பர் புதுசு போட்டதும் 300 கி.மீ. நல்லா இருந்துச்சு, அப்புறம் திரும்ப வந்துருச்சு. இப்ப ஸ்டீயரிங் பாக்ஸையே மாத்தணும்ங்கிறாங்க. மாத்தலாமா?

பதில் 1

பாக்ஸுக்கு இப்போதைக்குக் காசு போடாதீங்க. நீங்க சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கு. பேலன்சிங் கோளாறுன்னா மேடு தேவையில்ல. 70–90க்குள்ள ஏதோ ஒரு வேகத்துல தானா வரும், அதைத் தாண்டினா தானா குறையும். உங்களுக்கு ஒரு இடி கிடைச்சாத்தான் ஆரம்பிக்குது, ஆரம்பிச்சா வேகத்தைக் குறைக்கிற வரைக்கும் ஓயறதில்ல. முன் ஆக்ஸில் ஒரே தண்டா இருக்கிற வண்டிகள்ல, நக்கிள் (ஆக்ஸில் முனையில சக்கரத்தைத் தாங்கித் திரும்புற பாகம்) தளர்ந்து போனா வர்ற உதறல் இது.

டாம்பர் 300 கி.மீ. காப்பாத்தினதும் அதனாலதான். அது உதறலை அமுக்கி வைக்கும், காரணத்தைச் சரி பண்ணாது. சோதனை முடியற வரைக்கும் அதைக் கழட்டி வைங்க. ஆனா அந்த நிலையில ரோட்ல ஓட்டக்கூடாது, நிறுத்தி வச்சுப் பார்க்கிறதோட சரி.

முதல் சோதனைக்கு ரெண்டு பேர் வேணும். சக்கரம் நாலும் தரையிலேயே இருக்கட்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமா கொஞ்சம் கொஞ்சம், கால் சுத்துக்கும் கம்மியா, விடாம ஆட்டணும். இன்னொருத்தர் கீழே படுத்து, டை ராடோட (முன் சக்கரம் ரெண்டையும் இணைக்கிற கம்பி) ரெண்டு முனை, டிராக் லிங்க்கோட (ஸ்டீயரிங் பாக்ஸ்லருந்து வர்ற கம்பி) ரெண்டு முனைன்னு நாலு பால் ஜாயின்ட் மேலயும் ஒவ்வொண்ணா கை வச்சுப் பார்க்கணும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும். அப்படியே பாக்ஸைச் சேஸிஸ்ல பிடிச்சிருக்கிற போல்ட்டையும், பட்டாவோட யூ போல்ட், ஷேக்கிள் புஷ்ஷையும் பாருங்க. பாக்ஸே சேஸிஸோட சேர்ந்து அசையுதுன்னா அங்க விரிசல் இருக்கான்னு துடைச்சுப் பார்க்கணும்.

அடுத்தது, பின் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டுல உட்கார வைங்க. வெறும் ஜாக்கியை நம்பி கீழே போகாதீங்க. சக்கரத்தை மேலயும் கீழயும், அதாவது கடிகாரத்துல 12, 6 இருக்கிற இடத்துல, பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா உள்ளே ஒருத்தரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிட்டுத் திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் காணாம போச்சுன்னா வீல் பேரிங். பிரேக் மிதிச்சும் இருந்தா கிங் பின், அதாவது நக்கிள் திரும்புற அச்சு.

கேட்டவர்

பார்த்துட்டேன். டிராக் லிங்க்ல ஒரு முனை லேசா லூஸ். இடது சக்கரம் 12–6ல நல்லாவே ஆடுது, பிரேக் மிதிச்சும் அப்படியே இருக்கு. வலதுல ஒண்ணும் தெரியல. நக்கிளைத் திறக்காம ஷிம் (கிங் பின் மூடிக்கு அடியில இருக்கிற மெல்லிய தகடு) எடுத்தாலே போதும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில் 2

போதுமா இல்லையான்னு கொக்கித் தராசு சொல்லும். சக்கரத்தைக் கழட்டுங்க, டை ராடைப் பிரிங்க, நக்கிளுக்குப் பின்னால இருக்கிற ஆயில் சீலோட தகட்டைக் கழட்டிப் பின்னுக்குத் தள்ளுங்க. சீல் பிடிச்சிருந்தா அளவு தப்பா வரும். டை ராட் மாட்டுற ஓட்டையில தராசைக் கோத்து, நக்கிள் நகர ஆரம்பிக்கிற நொடியில என்ன காட்டுதுன்னு பாருங்க. 1.0லிருந்து 1.8 கிலோவுக்குள்ள இருக்கணும். அதுக்குக் கம்மின்னா இறுக்கம் போயிருச்சுன்னு அர்த்தம்.

தராசைக் கழட்டினதும் இன்னொண்ணு பண்ணுங்க, இதுதான் முக்கியம். நக்கிளைக் கையால ரொம்ப மெதுவா ஒரு பக்கத்துலருந்து மறுபக்கம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல ஒரு சின்னப் பள்ளத்துல விழுந்து ஏறுற மாதிரி ‘டொக்’னு உணர்வு வருதா? கிங் பின் பேரிங் முழுசாச் சுத்துறதே இல்ல. வருஷக்கணக்கா நேர் நிலையிலேயே நின்னு அடி வாங்குறதால, உருளைகள் கப்புல (பேரிங்கோட வெளி வளையம்) தடம் பதிச்சிரும். அந்தத் தடம் விழுந்த பேரிங்குக்கு ஷிம் எடுத்து இறுக்கினா, நேரா போகும்போது பள்ளத்துல மாட்டும், திருப்பினா கல்லு மாதிரி இறுகும். திருப்பத்துக்கு அப்புறம் ஸ்டீயரிங் தானா திரும்பி வராது. அது உதறலைவிட ஆபத்து.

தடம் இல்லாம வழவழன்னு திரும்பினா மட்டும் ஷிம் எடுங்க. மேல் மூடியிலயும் கீழ் மூடியிலயும் சம அளவு எடுக்கணும். ஒரே பக்கம் எடுத்தா நக்கிள் ஏறியோ இறங்கியோ போயி, உள்ளே இருக்கிற ஆக்ஸில் ஷாஃப்ட் நடுவுல நிக்காது.

கேட்டவர்

இடது 0.4 கிலோ, வலது 1.1. இடதுல நீங்க சொன்ன ‘டொக்’ அப்படியே இருக்கு. மூடியைத் திறந்தா கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துப் போயிருக்கு.

பதில் 2

மோர் மாதிரின்னா தண்ணி உள்ளே போயிருக்கு. ஓடையில இறக்கின வண்டிகள்ல நக்கிள் சீல் கிழிஞ்சா இப்படித்தான் ஆகும். இடது பக்கம் மேல், கீழ் ரெண்டு பேரிங்கும் கப்போட மாத்துங்க. பழைய கப்புல புது பேரிங்கை உட்கார வைக்காதீங்க. சீலும் புதுசு. வலதுலயும் திறந்து கிரீஸ் நிறத்தை ஒரு தடவை பாருங்க, அளவு சரியா இருந்தாலும். லூஸான டிராக் லிங்க் முனையையும் இப்பவே மாத்திருங்க. சேர்த்து முடிச்சிட்டுத் தராசுல அளந்துதான் சக்கரம் மாட்டணும்.

பதில் 1

ஷேக்கிள் விஷயத்தை யாரும் தொடல. ஜிப்ஸில முன் ஷேக்கிள் பட்டாவோட முன் முனையில இருக்கு. அதை நீளமாக்கினா ஆக்ஸிலோட முன்பக்கம் கீழே சாயும், கேஸ்டர் (கிங் பின் அச்சு பின்னால சாஞ்சிருக்கிற கோணம்) குறையும். கம்பெனி அளவு மூணரை டிகிரி. கேஸ்டர்தான் சக்கரத்தை நேருக்கு இழுத்துப் பிடிக்கிறது. அது குறைஞ்சா புது பேரிங்கும் சீக்கிரம் அடி வாங்கும்.

சமதளத்துல வண்டியை நேரா நிறுத்தி, கிங் பின் மேல் மூடியில தட்டையான இடத்துல கோண அளவியை முன்பின்னா வச்சுப் பாருங்க. ரெண்டு டிகிரிக்குக் கீழ இருந்தா பட்டாவுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு போடலாம். தடிச்ச பக்கம் எதுன்னு பலரும் இதுலதான் தப்பு பண்றாங்க. ஜிப்ஸில பட்டா ஆக்ஸிலுக்குக் கீழ இருக்கு, அதனால தடிச்ச பக்கம் முன்னால வரணும். பட்டாவை ஆக்ஸிலுக்கு மேல ஏத்தி மாத்தின வண்டின்னா தடிச்ச பக்கம் பின்னால. இரும்பு ஆப்புதான் வாங்கணும், வார்ப்பு அலுமினியம் நசுங்கி உடையும். சென்டர் போல்ட்டும் அந்த அளவுக்கு நீளமானது வேணும். ரெண்டு டிகிரி ஆப்புக்கு மேல போகாதீங்க. கேஸ்டர் ஏற ஏற டிஃபரன்ஷியலோட பின் மூக்கு இறங்கும், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் மடங்கும். யூ போல்ட்டை 500 கி.மீ. ஓடினதும் மறுபடி இறுக்கணும்.

டோ இன்னை, அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசா உள்நோக்கி இருக்கிற அளவை, வீட்டுலயே பார்க்கலாம். டயர் நடுவுல சாக்பீஸ் கோடு போட்டு, ஹப் உயரத்துல முன்பக்கம் அளங்க. வண்டியைத் தள்ளி அதே கோடு பின்னால வந்ததும் திரும்ப அளங்க. முன்பக்கம் 2லிருந்து 6 மி.மீ. கம்மியா இருக்கணும். டை ராடைத் திருப்பும்போது ஒரு முனை இடது மரை, ஞாபகம் வச்சுக்குங்க.

கேட்டவர்

இடது கிங் பின் பேரிங் செட், சீல், டிராக் லிங்க் முனை மாத்தியாச்சு. இப்ப ரெண்டு பக்கமும் 1.4, 1.2 கிலோ. கேஸ்டர் ஒன்றரை டிகிரிதான் இருந்துச்சு, ரெண்டு டிகிரி ஆப்பு போட்டேன். டோ 4 மி.மீ. டாம்பரை மாட்டிட்டுத்தான் ரோட்ல இறக்கினேன். அதே பாலத்துல 60ல போனேன், உதறல் இல்ல. ஆனா 85 தாண்டினா ஸ்டீயரிங்ல லேசா ஒரு நடுக்கம் வருது.

பதில் 1

மேடு இல்லாம, வேகத்துல மட்டும் வருதுன்னா டயர் பக்கம் வந்தாச்சு. முன் டயர் ரெண்டையும் பின்னால மாத்தி அதே ரோட்ல ஓட்டுங்க. நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்குப் போனா, அந்த ரெண்டுல ஒண்ணுதான் காரணம். சக்கரத்தைத் தூக்கி, ஒரு கம்பியை டயர் ஓரத்துக்குப் பக்கத்துல நிலையா வச்சு மெதுவா சுத்துங்க. இடைவெளி ஒரு இடத்துல மட்டும் சட்டுனு குறையுதுன்னா, ரிம் வளைஞ்சிருக்கு, இல்ல டயருக்குள்ள கம்பி விட்டிருக்கு. கம்பி விட்ட டயர் எத்தனை பேலன்சிங் போட்டாலும் நிக்காது. அந்த டயரை ஸ்டெப்னியாக்கூட வச்சுக்காதீங்க.