டொமினிக்கா 4 நாள்: டிக்கெட் தேடினால் புன்டா கானா வருகிறது, திட்டமும் இடிக்கிறது. உதவி தேவை

சுங்கடி (கேள்வி)
பிப்ரவரி கடைசியில் இருவர், நியூ ஜெர்சியிலிருந்து. வியாழன் மதியம் இறங்கி ஞாயிறு பிற்பகல் கிளம்ப வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட், ஹெச்-1பி (அமெரிக்க வேலை விசா).

1. டொமினிக்கா என்று தேடினால் புன்டா கானா, சான்டோ டொமிங்கோ என்றே காட்டுகிறது. விலை பாதிதான். எடுத்துவிடலாமா?
2. ஒருவருக்கு விசா முத்திரை காலாவதி, ஐ-797 (அமெரிக்கக் குடியேற்றத் துறையின் அனுமதிக் கடிதம்) மட்டும் செல்லும். கனடா போய்வருவது மாதிரி 30 நாளுக்குள் திரும்பினால் விடுவார்களா?
3. திட்டம்: மூன்று இரவும் தலைநகர் ரோசோவில். வெள்ளி கொதிக்கும் ஏரி, டிராஃபால்கர் அருவி, எமரால்டு குளம். சனி படகில் மார்ட்டினிக் போய் பாஸ்-புவாண்ட் மாரியம்மன் கோயில். ஞாயிறு காலை இந்தியன் ரிவர், அப்படியே விமான நிலையம். எல்லாம் மினிபஸ்ஸில். சரிவருமா?

கடலோடி
ஐயோ, எடுத்துவிடாதீர்கள். அது டொமினிக்கன் குடியரசு. ஸ்பானிஷ் பேசும் வேறு நாடு. டொமினிக்கா, குவாடலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில் இருக்கிற ஆங்கிலம் பேசும் தீவு. நாட்டின் பெயரைப் போடாமல் டி.ஓ.எம் என்ற குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். பார்த்தால் அந்த நாட்டுக் குறியீடு மாதிரிதான் தெரியும், ஆனால் அது டொமினிக்காவின் டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையம். எஸ்.டி.கியூ, பி.யூ.ஜே என்று வந்தால் தவறான நாடு. மயாமியிலிருந்து நேரடி விமானம் உண்டு. அறை பதியும்போதும் இதே குழப்பம் வரும். விடுதியின் தொலைபேசி 767-ல் தொடங்குகிறதா பாருங்கள். 809, 829, 849 என்றால் விட்டுவிடுங்கள்.

முத்திரைத்தாள்
இரண்டாவது கேள்விக்கு: விட மாட்டார்கள். அந்த 30 நாள் சலுகை ஹெச்-1பிக்குக் கனடா, மெக்சிகோவோடு சரி. பக்கத்துத் தீவுகளுக்கும் நீள்வது எஃப், ஜே (மாணவர், பரிமாற்றத் திட்ட) விசாக்காரர்களுக்குத்தான். திரும்பி வர விமானம் ஏறும்போதே தடுத்துவிடுவார்கள், தீவிலேயே மாட்டிக்கொள்வார். முதலில் முத்திரை, அப்புறம் பயணம்.

டொமினிக்காவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் கையில் இருக்கட்டும். மார்ட்டினிக் அப்படியல்ல. அது பிரான்ஸ், ஆனால் ஷெங்கனுக்குள் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி) இல்லை. வழக்கமான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, கடல்கடந்த பகுதிகளுக்கென்று தனி விசா வாங்க வேண்டும்.

ஒற்றையடி
அந்தப் படகும் தினமும் ஓடுவதில்லை. போதாததற்குக் கோயில் இருப்பது மார்ட்டினிக்கின் வடகோடியில். ஒரே நாளில் போய்த் திரும்புவது நடக்காது, திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

மீதித் திட்டம் இடிப்பது ரோசோவை மையமாக வைத்ததால். விமான நிலையம் வடகிழக்கில், ரோசோ தென்மேற்கில். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம்தான்; வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும். அதனால் போன வழியே திரும்பாமல் தீவைச் சுற்றி வாருங்கள்.

வியாழன்: நிலையத்திலிருந்து கிழக்குக் கடலோரமாகக் கலினாகோ பழங்குடி மக்களின் பகுதி, காசல் புரூஸ், எமரால்டு குளம், போன்ட் காசே வழியாக ரோசோ. குளத்துக்குச் சாலையிலிருந்து கால் மணி நடைதான், வழியிலேயே முடிந்துவிடும்.

வெள்ளி: கொதிக்கும் ஏரி மட்டும். லொடா ஊரில் டிட்டூ கோர்ஜ் (நீரோடும் மலையிடுக்கு) பக்கம் தொடங்கி, போக 3 மணி, வர 3 மணி. காலை 8-க்குள் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். வழியில் வரும் வேலி ஆஃப் டெசொலேஷன் பள்ளத்தாக்கில் வெந்நீரும் ஆவியும் தரைக்கடியில் ஓடுகின்றன. மேலோடு சில இடத்தில் அப்பளம் மாதிரி. தடம் மாறி ஒரு கால் வைத்தால் வெந்துவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி, மழைச்சட்டை. வெள்ளிக் கொலுசு, மோதிரம் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும், கந்தகத்தில் கறுத்துப்போகும். ஏரி சுமார் 60 மீட்டர் அகலம், பல நேரம் ஆவி மூடியிருக்கும். கால் மணி பொறுத்தால் காற்றில் விலகும். திரும்பியதும் டிட்டூவில் ஒரு முங்கு போடுங்கள், சேறு போக வேறு வழியில்லை.

சனி: காலையில் டிராஃபால்கர். ரோசோவில் சொகுசுக் கப்பல் நிற்கிற நாளானால் 10 முதல் 2 வரை அங்கே கூட்டம் தாங்காது, 9-க்கு முன்பே போய்விடுங்கள். பிறகு ஷாம்பெய்ன் ரீஃப்: கடலடியில் எரிமலை வாயு குமிழ் குமிழாக வரும், கரையிலிருந்தே நீந்திப் போகலாம். மாலை வடமேற்கில் இருக்கிற போர்ட்ஸ்மத் போய் அங்கே தங்குங்கள்.

ஞாயிறு: இந்தியன் ரிவர் போர்ட்ஸ்மத்திலேயே. மோட்டார் கூடாது, துடுப்புப் படகுதான், ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து வடக்குச் சாலையில் விமான நிலையம் பக்கம்.

சுங்கடி
சுற்றுவழி புரிந்தது, நன்றி. முத்திரை வாங்கிய பிறகே டிக்கெட். மினிபஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? இருவரும் சைவம், அதுவும் ஒரு கவலை.

கடலோடி
மினிபஸ் உண்டு, எண் பலகை ஹெச் எழுத்தில் தொடங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அநேகமாக ஓடாது, உங்கள் விமானமோ ஞாயிறு. அன்றைக்கு டாக்சி முன்கூட்டியே பேசிவையுங்கள். கார் எடுப்பதானால் உள்ளூர் அனுமதிச் சீட்டு வேண்டும், வாடகைக்கு விடுபவரே வாங்கித் தருவார். இடப்பக்கம் ஓட்ட வேண்டும். சாலையோர வடிகால் ஆழமானது, ஒதுங்கும்போது சக்கரம் இறங்கிவிடும். வளைவில் ஹாரன் அடியுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவில்லை.

ஒற்றையடி
சாப்பாட்டுக்கு ரஸ்தாஃபாரியர்களின் (கரீபியச் சமயப் பிரிவினர்) ஐட்டல் கடைகளைத் தேடுங்கள் (இட்லி அல்ல!), பெரும்பாலும் சுத்த சைவம். மற்ற கடைகளில் சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, வாழைக்காய் கிடைக்கும். சேம்பிலையில் செய்யும் கலலூ சூப்பில் நண்டோ உப்புக்கண்டமோ சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்க லேப்டாப், போன் சார்ஜருக்குப் பிரிட்டிஷ் மூன்று முனை அடாப்டர் போதும், 110 வோல்ட் முடி உலர்த்தி மட்டும் வேண்டாம். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர், நிலையான மதிப்பு. டாலரை வாங்கிக்கொள்வார்கள், மீதி உள்ளூர்ப் பணத்தில்தான் வரும். பூங்காக்களுக்குத் தனித்தனிச் சீட்டைவிட வாரச் சீட்டு உங்கள் பட்டியலுக்குப் பொருந்தும்.