பை வரவில்லை, வெள்ளிக்கிழமை மலை ஓட்டம், அவசரம்!!

கடைசிவரிசை (புதன், காலை 6:50)
நேற்று இரவு ஜெனீவாவில் இறங்கினேன். நான் வந்துவிட்டேன், பை வரவில்லை. பெல்ட் நிற்கிற வரைக்கும் நின்று பார்த்தேன், கடைசியில் யாருடையதோ ஒரு குழந்தை வண்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டத்துக்கான எல்லாமே அந்தப் பையில்தான். கையில் இருப்பது பாஸ்போர்ட், போன், பாதி பாக்கெட் பிஸ்கட். காலில் ரப்பர் செருப்பு. கவுண்டரில் ஒரு தாளைக் கொடுத்து, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். காத்திருப்பதா, எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதா? சீக்கிரம் சொல்லுங்கள், இரவெல்லாம் தூக்கமில்லை.

பாறைப்பல்லி
எந்த ஓட்டம் என்று சொல்லவே இல்லையே! இந்த வாரம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஷாமோனியில் ஒன்றா இரண்டா நடக்கிறது. இப்போது எங்கே இருக்கிறீர்கள், ஜெனீவாவிலா, ஷாமோனியிலா? அந்தத் தாளில் பத்து இடம் கொண்ட ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு விமான நிறுவனம், அப்புறம் ஐந்து இலக்கம். அது இல்லாவிட்டால் உங்கள் பையை யாரும் தேடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுமைதாங்கி
பைக்குள் பவர் பேங்க் ஏதாவது போட்டீர்களா?

ஆல்ப்ஸ் பழசு
எத்தனை முறை எழுதுவது? ஓட்டத்துக்கு ஷூவைக் காலில் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும், ஜாக்கெட் உடம்பில், மற்றதெல்லாம் கைப்பையில். செருப்போடு வந்து இறங்கிவிட்டு இங்கே வந்து அழுகிறார்கள். தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதில் தட்டிப் பார்க்கலாம்.

அரைத்தூக்கம்
பையை விடுங்கள் நண்பரே, அதைக் கடையில் வாங்கலாம், தூக்கத்தை வாங்க முடியாது. இன்று மதியம் தூங்காதீர்கள், வெயிலில் நடங்கள், இரவு ஒன்பதுக்குப் படுங்கள். ஓட்டத்துக்கு முந்தின இரவு யாருக்கும் தூக்கம் வராது, அதற்கு முந்தின இரவுதான் கணக்கு.

மேட்டுக்கால்
தூக்கம் இரண்டாவது, முதலில் உயரம். பக்கத்து எகுய் து மிதி சிகரத்துக்கு ரோப் காரில் ஏறி 3,842 மீட்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், ரத்தம் பழகிக்கொள்ளும்.

பாறைப்பல்லி
இரண்டு மணி நேரத்தில் தலைவலிதான் வரும். உடம்பு பழக நாள்கணக்கில் ஆகும். இங்கே ஓடுகிற பாதைகள் பெரும்பாலும் 2,600 மீட்டருக்குக் கீழேதான். செருப்போடு அங்கே போகச் சொல்கிறீர்களே, மேலே பனி!

ரன்னர் செல்வி
ஆல்ப்ஸ் பழசு சார், எல்லாம் கைப்பையில் என்கிறீர்கள், மலையேற்றத்தில் ஊன்றுகிற ஸ்டிக்கை என்ன செய்வது? பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிவிடுகிறார்கள். அதனால்தான் எல்லோரும் கவுண்டரில் ஒப்படைக்கிற பெரிய பையில் போடுகிறோம்.

ஆல்ப்ஸ் பழசு
ஸ்டிக் எதற்கு? கோல் ஊன்றினால் அது மலை நடை. ஓடத் தெரிந்தவர்களுக்குக் கால் போதும்.

மேட்டுக்கால்
இத்தாலிப் பக்கத்துக் கூர்மையர் ஊரிலிருந்து தெத் த லா திரோன்ஷ் சிகரத்துக்கு ஏறியிருக்கிறீர்களா? 1,220 மீட்டரில் தொடங்கி 2,584 வரை ஒரே மூச்சு ஏற்றம். முன்வரிசையில் ஓடுகிறவர்களே ஸ்டிக்கோடு போகிறார்கள், நீங்கள் கால் போதும் என்கிறீர்கள்.

ஆல்ப்ஸ் பழசு
ஏறியிருக்கிறேன். ஸ்டிக் இல்லாமல். பின்னால் வந்த ஒருவர் குத்திய குத்தில் என் முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ரன்னர் செல்வி
அப்படியென்றால் உங்கள் சண்டை அந்த ஒருவரோடு, ஸ்டிக்கோடு இல்லை. கடைசிவரிசை, ஒன்று கவனியுங்கள்: ஸ்டிக் இல்லாமல் புறப்பட்டால் வழியில் யாரிடமும் வாங்கிக்கொள்ளக் கூடாது, எடுத்துப்போனால் கடைசி வரை நீங்களேதான் சுமக்க வேண்டும். விதியிலேயே இருக்கிறது.

கடைசிவரிசை (புதன், பகல் 1:20)
மன்னிக்கவும், பஸ்ஸில் இருந்தேன். ஓட்டம் சிசிசி (கூர்மையர்–ஷாம்பெ–ஷாமோனி), 100 கிமீ. இப்போது ஷாமோனியில். எண் இருக்கிறது, "தேடுகிறோம்" என்றே காட்டுகிறது. நடுவில் ஒரு இடத்தில் விமானம் மாறினேன். பவர் பேங்க் இருக்கிறது, ஹெட்லேம்ப் பேட்டரியோடு சேர்த்து ஒரு சாக்ஸுக்குள் சுருட்டி வைத்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பையில் நம்பர் பூட்டு வேறு.

சுமைதாங்கி
சம்பந்தம் அதுதான். பவர் பேங்கும் தனி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பையில் போடக் கூடாது. ஸ்கேனில் தெரிந்தால் பையை ஒதுக்கி வைப்பார்கள். பூட்டு இருக்கிறது, ஆள் பக்கத்தில் இல்லை, பை அங்கேயே உட்கார்ந்துவிடும். எனக்கு இப்படித்தான் இரண்டு நாள் போனது. விமான நிறுவனத்துக்குப் போன் செய்து பேட்டரி இருக்கும் விஷயத்தை நீங்களே சொல்லுங்கள், பூட்டின் எண்ணைக் கொடுங்கள், திறக்கச் சம்மதம் என்று எழுத்திலும் அனுப்புங்கள். தங்கும் இடத்தின் முகவரியையும் மாற்றுங்கள். ஜெனீவா சுவிட்சர்லாந்து, ஷாமோனி பிரான்ஸ், நடுவில் சுங்க எல்லை இருக்கிறது, பை தானாக நடந்து வராது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஷூவை இன்றே வாங்குங்கள், ஏற்கெனவே ஓடிய அதே மாடல், அதே அளவு கிடைத்தால் மட்டும். வாங்கியதும் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். ஓட்டத்தில் கட்டாயம் சுமக்க வேண்டிய பொருள்களில் ஜாக்கெட்தான் விலை: தொப்பி வைத்தது, தையலில் நீர் புகாதபடி அடைத்தது, துணி 10,000 மிமீ நீரழுத்தம் தாங்குவது. அதை நாளை மதியம் வரை தள்ளிப் போடலாம், கடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. விசில், உயிர்காப்புப் போர்வை, கப் எல்லாம் சில்லறைக் காசு, இன்றே முடித்துவிடுங்கள்.

ரசீது ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள். தாமதத்துக்கு, விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் சர்வதேச ஒப்பந்தப்படி 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். கணக்கு அலகு) வரை கேட்கலாம். பை கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் பேட்டரியைக் காட்டி வாதாடுவார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

பாறைப்பல்லி
போன் சிம்மையும் பாருங்கள். சிசிசி இத்தாலியில் தொடங்கி சுவிட்சர்லாந்து வழியாகப் பிரான்சுக்கு வருகிறது. ஐரோப்பா முழுக்க என்று விற்கிற சில சிம்கள் சுவிஸ் பக்கம் வந்ததும் ஊமையாகிவிடும்.

அரைத்தூக்கம்
தூங்கினீர்களா?

மேட்டுக்கால் (வியாழன்)
ஆளையே காணோம். பை வந்ததா?

ஆல்ப்ஸ் பழசு
கேட்டுவிட்டு ஓடிவிடுவார்கள், நாம் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரன்னர் செல்வி
அவர் ஓடுவதற்குத்தானே போயிருக்கிறார் சார்.

கடைசிவரிசை (ஞாயிறு, பகல் 11:05)
முடித்தேன். பை வியாழன் இரவு எட்டரைக்கு வந்தது, பூட்டு அறுத்து, உள்ளே ஒரு சீட்டு, சாக்ஸ் காலி. ஜாக்கெட்டை மதியமே வாங்கிவிட்டேன், இப்போது கையில் இரண்டு. ஷூ பழையதையே போட்டேன். ஸ்டிக்கும் எடுத்துப் போனேன், கிராண்ட் கொல் ஃபெரே கணவாயில் காற்று அடித்தபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சுமைதாங்கி அண்ணா, மிக்க நன்றி. தூங்கப் போகிறேன்.

பாறைப்பல்லி
வாழ்த்துகள்! அந்த ஜாக்கெட் என்ன அளவு? எம் என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன்.