கால்வாய்க் கரையில் மூன்று படகு கிளப், ஒரே நோட்டீஸ்: வேலை விசாவில் இருப்பவன் மனு எழுதலாமா?

புதுத்துடுப்பு:
வணக்கம். நாங்கள் இங்கிலாந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை விசா. மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. வாடகை கட்டி மாளாமல் பழைய நேரோபோட் (ஒடுக்கமான கால்வாய்ப் படகு) ஒன்று வாங்கி ஒரு படகு கிளப்பின் கரையில் கட்டியிருக்கிறோம். போன வாரம் நில உரிமையாளரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஏப்ரல் முதல் மூரிங் (படகு கட்டும் இடம்) வாடகை கூடும், தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் மூடப்படும். பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளப்களுக்கும் இதே கடிதம். மூன்றும் தனித்தனியாகப் பதில் எழுதின. மூன்றுக்கும் ஒரே வரியில் மறுமொழி வந்தது, கிளப் பெயரை மட்டும் மாற்றி.

எங்கள் செயலாளர் எழுபது வயது அம்மா. மூன்று கடிதங்களையும் என் கையில் கொடுத்து, "கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறாய், எல்லாரையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதிக் கொடு" என்றார். கையெழுத்துப் போட்டால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா? வியாழக்கிழமை கூட்டம். மூன்று இரவாகத் தூக்கம் இல்லை.

வடகரை:
தம்பி, மனு இருக்கட்டும், முதலில் அடுப்பைப் பாருங்கள். என் முதல் குளிர்காலம் படகில்தான். காலையில் கதவைத் தள்ளினால் அசையாது, விளிம்பெல்லாம் பனி இறுகியிருக்கும். ஜன்னலில் கோத்த நீர் உள்ளே இறங்கி மெத்தையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது, அது எனக்குத் தெரிந்ததே பிப்ரவரியில்தான். அடுப்பிலிருந்து கசியும் விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா? 2019 ஏப்ரலில் இருந்து படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கே அது கட்டாயம். சான்றிதழ் நான்கு ஆண்டுக்குத்தான் செல்லும், உங்களுடையது எப்போது முடிகிறது? சின்னக் குழந்தையோடு இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

தாழ்வாரம்:
எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் வந்த நான்காவது மாதம் வீட்டுச் சுவரில் பூஞ்சை என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு பெட்டியோடு நண்பர் வீட்டுக் கூடத்தில் ஆறு வாரம் படுத்திருந்தேன். நிரந்தர வசிப்புரிமை வரும்வரை தலை குனிந்து போவதுதான் நல்லது.

லண்டன் அண்ணை:
இவர் சொல்வதைக் கேட்டுப் பயப்படாதையுங்கோ தம்பி. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியான விசாவோடு இங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்கு உண்டு. நிலையான முகவரி இல்லாத படகுக்காரரும் உள்ளூர்த் தொடர்பைக் காட்டி வாக்காளர் பட்டியலில் பதியலாம். வாக்குப் போட விடுகிற நாட்டில் கடிதம் எழுதினால் யார் பிடிக்கப் போகிறார்கள்? இது எனக்குத் தெரியவே நாலு வருஷம் ஆனது. அதுவரை கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் பிரிக்காமலே லாச்சிக்குள் வைத்துவிடுவேன். அந்தப் பயத்தில் எவ்வளவோ போய்விட்டது.

தொடர்பயணி:
மூரிங்கையே விட்டுவிடுங்கள் என்பேன். 1995ஆம் ஆண்டுக் கால்வாய்ச் சட்டப்படி நிரந்தர இடம் இல்லாமலே படகுக்கு லைசென்ஸ் எடுக்கலாம். ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் உண்மையாகப் பயணம் செய்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நில உரிமையாளரும் இல்லை, நோட்டீஸும் இல்லை.

பாலத்தடி:
குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சொல்லும் யோசனையா இது? டாக்டர், நர்சரி எல்லாம் 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாறுமா? தவிர, கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் 2024 ஏப்ரலில் இருந்து இப்படிச் சுற்றும் படகுகளுக்கு லைசென்ஸில் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறது. 5 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறி 25 சதவீதம் வரை போகும் என்று அறிவித்தார்கள்.

தொடர்பயணி:
அந்தக் கட்டணம் வந்தபோது கிளப்பில் இடம் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் எங்களுக்காகப் பேசினார்கள்? "சரிதான், அவர்கள் கட்டட்டும்" என்றுதான் எங்கள் பக்கத்தில் கேட்டேன். இப்போது உங்கள் குழாயை மூடும்போது ஒற்றுமை வேண்டும் என்கிறீர்கள்.

பாலத்தடி:
நாங்கள் மூரிங்குக்குத் தனியாகக் கட்டுகிறோமே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

தாழ்வாரம்:
இந்த நாட்டில் எதற்குத்தான் கட்டணம் இல்லை? விசாவுக்குக் கட்டு, மருத்துவத்துக்கு முன்கூட்டியே கட்டு, வாடகைக்கு முன்பணம் கட்டு. வந்த முதல் வருஷம் என் சம்பளம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

மதகடி அக்கா:
கொஞ்சம் நிறுத்துவோம். வியாழக்கிழமை கூட்டத்தை வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறார் ஒருவர். தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். நிலம் டிரஸ்டுடையதா, தனியாருடையதா? குத்தகை கிளப்பின் பெயரிலா, ஒவ்வொரு படகுக்காரர் பெயரிலுமா? உங்கள் மூரிங் ஒப்பந்தத்தில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது?

புதுத்துடுப்பு:
நன்றி அக்கா. நிலம் தனியாருடையது. குத்தகை கிளப்பின் பெயரில், இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் 'லெஷர்' என்று இருக்கிறது. நாங்கள் ஏழு நாளும் படகில்தான் தூங்குகிறோம். மனுவில் "இங்கே வசிக்கும் குடும்பங்கள்" என்றுதான் தொடங்கியிருக்கிறேன்.

மதகடி அக்கா:
அந்த முதல் வரியை இப்போதே அழியுங்கள். உங்கள் ஆபத்து விசாவில் இல்லை, அந்த வரியில் இருக்கிறது. லெஷர் மூரிங் என்றால் பொழுதுபோக்குக்குப் படகு நிறுத்தும் இடம். குடியிருக்கும் மூரிங்குக்குப் பெரும்பாலும் கவுன்சிலின் திட்ட அனுமதி தேவை. நீங்கள் அப்படி எழுதிக் கொடுத்தால் வாடகைப் பேச்சு போய், கிளப் குத்தகையை மீறியது என்ற பேச்சு வந்துவிடும். மூன்று கிளப்பையும் அது இழுத்துவிடும். உங்கள் இருப்பைப் பற்றிச் செயலாளர் அம்மாவிடம் தனியாக, நேராகப் பேசுங்கள். குடியிருப்பு மூரிங் தேடவும் தொடங்குங்கள். வேலை கொடுத்தவரிடம் இருக்கும் முகவரி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பளம் இல்லாத தன்னார்வ வேலை செய்ய வேலை விசாவில் தடை இல்லை, ஆகவே எழுதிக் கொடுக்கலாம். கையெழுத்தை மூன்று கிளப் தலைவர்களும் போடட்டும்.

அடுத்தது குத்தகைப் பத்திரம். நான்கு வருஷம் பாக்கி இருக்கும்போது வாடகையை நினைத்தபடி கூட்ட முடியுமா என்பதை அதில் உள்ள வாடகை மறுபரிசீலனை விதிதான் சொல்லும். குழாய் வசதியைப் பற்றி அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று பத்திரத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்தாலே பாதி மனு எழுதியது போல.

ஒன்றாகச் சேர்வதற்குக் கிளப்களை இணைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளப் கமிட்டியும் ஒரே தீர்மானத்தை ஒரே வார்த்தைகளில் நிறைவேற்றட்டும். கிளப்புக்கு இரண்டு பேர் என்று ஒரு கூட்டுக் குழு, நில உரிமையாளரிடம் பேச ஒரே ஒருவர். பேசியதை அன்றே எழுதி மூன்று கிளப்புக்கும் அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல்தான் எங்கள் பக்கத்தில் ஒருமுறை தோற்றோம். ஒரு கிளப்புக்குத் தனியாகச் சலுகை கொடுத்துப் பேசி முடித்தார்கள், மற்றவர்களுக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆனது.

அப்புறம், அசோசியேஷன் ஆஃப் வாட்டர்வேஸ் க்ரூஸிங் கிளப்ஸ் என்று கிளப்களுக்கான கூட்டமைப்பே இருக்கிறது. உங்கள் கிளப் உறுப்பினரா என்று கேளுங்கள். தனிப்பட்ட படகுக்காரர்களுக்கு 1991இல் தொடங்கிய நேஷனல் அசோசியேஷன் ஆஃப் போட் ஓனர்ஸ் இருக்கிறது. 2023இல் ஃபண்ட் பிரிட்டன்ஸ் வாட்டர்வேஸ் என்ற கூட்டணி உருவானது. 2027க்குப் பிறகு பத்து ஆண்டுக்கு டிரஸ்டுக்குச் சுமார் 40 கோடி பவுண்டு என்று அரசு அறிவித்தது. விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் அது பெரிய வெட்டு. அதை எதிர்த்து நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்தன, நாடாளுமன்றத்தின் முன்னால் தேம்ஸ் நதியில் படகுகள் அணிவகுத்தன. மூரிங் வைத்திருப்பவரும் இல்லாதவரும் அதில் உண்டு.

தொடர்பயணிக்கும் பாலத்தடிக்கும் ஒரு வார்த்தை. 1946இல் ராபர்ட் ஐக்மன், எல்.டி.சி. ரோல்ட் என்ற இரண்டு எழுத்தாளர்கள் முன்னின்றுதான் கால்வாய்களைக் காக்க இன்லாண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் தொடங்கியது. எல்லாக் கால்வாயையும் காக்க வேண்டும் என்றார் ஐக்மன். காப்பாற்ற முடிந்ததை முதலில் பார்ப்போம் என்றார் ரோல்ட். 1951இல் ரோல்ட் வெளியேற்றப்பட்டார். அமைப்பு பிழைத்தது, ஆனால் அந்த மனுஷனை இழந்தது. வியாழக்கிழமை மேஜையில் குழாய், கழிவிடம், வாடகை மூன்றும் மட்டும் இருக்கட்டும். லைசென்ஸ் கட்டணச் சண்டை அங்கே வேண்டாம்.

தொடர்பயணி:
சரி அக்கா. தம்பி, கழிவு கொட்டும் இடம் மூடினால் என்னைப் போலக் கடந்து போகிறவர்களுக்கும் பாதிப்புதான். அடுத்த இடம் எத்தனை மைல், நடுவில் எத்தனை லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) என்று எண்ணி மனுவில் போடுங்கள். அந்தப் பக்கம் வருகிற என் நண்பர்களிடமும் எழுதச் சொல்கிறேன்.

லண்டன் அண்ணை:
உங்கட தொகுதி எம்.பி.க்கும் ஒரு பிரதி அனுப்புங்கோ. மூன்று தலைவர்களின் கையெழுத்தோடு போனால் பதில் வரும்.

புதுத்துடுப்பு:
கூட்டம் முடிந்தது. நேற்று மாலை டோபாத்தில் (கால்வாய்க் கரைப் பாதையில்) நடந்தே போய் எண்ணினேன். அடுத்த கழிவிடம் ஐந்தரை மைல், நடுவில் ஒன்பது லாக். அந்த எண்ணைச் சொன்னபோது கூடத்தில் சத்தமே இல்லை. பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். இரண்டில் வாடகை மறுபரிசீலனை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான். மூன்றாவதில் அந்தப் பக்கமே காணவில்லை, அவர்களுடைய வழக்கறிஞரிடம் பிரதி கேட்டிருக்கிறார்கள். தீர்மானம் மூன்று கிளப்பிலும் ஒரே வார்த்தைகளில் நிறைவேறியது. தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், நான் தட்டச்சு மட்டும்.

செயலாளர் அம்மாவிடம் எங்கள் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை ஒரு குடியிருப்பு மூரிங் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்றார். அங்கே ஒப்பந்தத்தில் எதையெல்லாம் படிக்க வேண்டும் என்று யாராவது சொல்வீர்களா?