ஜூம் 15, ஜூம் 18 என்றால் என்ன அளவு?

வைகைக்கரை:
ஊரைப் பற்றிய சின்னக் கையேட்டுக்காக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் மதுரையை எடுத்தேன். ஜூம் (படத்தைப் பெரிதாக்கும் எண்) 15 வைத்தால் மாசி வீதிகள் நூல் மாதிரி இருக்கின்றன, 18 வைத்தால் கட்டடம் கட்டடமாகத் தெரிகிறது, ஆனால் திருப்பரங்குன்றம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. இதைச் சர்வே வரைபடத்தில் போடுகிற 1:50,000 (படத்தில் 1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர்) மாதிரி எப்படி எழுதுவது?

மேலமாசிக்காரன்:
தம்பி, ஜூம் 0 என்றால் உலகம் முழுக்க பக்கத்துக்கு 256 பிக்சல் (திரைப் புள்ளி) உள்ள சதுரம் ஒன்றில் அடங்கிவிடும். ஒவ்வொரு எண் ஏறும்போதும் நீளமும் அகலமும் இரண்டு மடங்கு ஆகும், அதனால் சதுரங்கள் நான்கு மடங்கு. மதுரையில் 15 வைத்தால் ஒரு பிக்சல் தரையில் சுமார் 4.7 மீட்டர், 18 வைத்தால் 59 சென்டிமீட்டர். மீனாட்சியம்மன் கோயில் வெளிமதில் ஒரு பக்கம் ஏறத்தாழ 250 மீட்டர் என்று வைத்தால், 15-இல் அது 53 பிக்சல்தான், 18-இல் 425. 1:50,000 என்பது காகிதத்துக்குப் பொருந்தும். திரையில் பிக்சலின் அளவே ஆளுக்கு ஆள் மாறுவதால் அப்படி எழுதாதீர்கள்.

நாலுமாவடி:
அண்ணன் சொன்னது மதுரைக் கணக்கு. இது உருண்டை உலகைத் தட்டையாக வரைகிற மெர்கேட்டர் முறை, வடக்கே போகப் போகப் படம் பெரிதாகும். அதே 15-இல் லண்டனில் ஒரு பிக்சல் 3 மீட்டர்தான். இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

வைகைக்கரை:
சரி அண்ணே, அப்போ மூலையில் வருகிற அளவுக்கோட்டையும் படத்தோடு சேர்த்தே எடுக்கிறேன், ஜெராக்ஸில் சுருக்கினாலும் அதுவும் கூடவே சுருங்கும்.