துணைநூற்பட்டியல் அகரவரிசையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, கட்டுரையும் திரும்பி வந்துவிட்டது: உதவி தேவை

நீர்முள்ளி:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். குறுந்தொகையில் வரும் நீர் உவமைகளைப் பற்றி இருபது பக்கக் கட்டுரை ஒன்றை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். பொருள் நன்றாக இருக்கிறது, வடிவத்தைச் சரிசெய்து பன்னிரண்டு நாளில் அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்கள். நெறியாளர் ஊரில் இல்லை. போனில் கேட்டால் பழைய ஆய்வேட்டைப் பார்த்துச் செய்யச் சொல்கிறார். நான்கு ஆய்வேட்டைப் பார்த்தேன், நான்கும் நான்கு விதமாக இருக்கின்றன.

குறைகள் மூன்று. துணைநூற்பட்டியல் அகரவரிசையில் இல்லை. மேற்கோள் காட்டும் முறை பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது, ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) ஏழாம் பதிப்பின்படி இருக்க வேண்டும். ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு பொருந்துவதாக மென்பொருள் காட்டும் பகுதி, 23 விழுக்காடு.

பட்டியலை இணையத்தில் கிடைத்த ஒரு வரிசைப்படுத்தும் கருவியில் போட்டுத்தான் எடுத்தேன். அதில் கி.வா. ஜகந்நாதன் ‘கி’யில் போய் நிற்கிறார். ஔவை சு. துரைசாமிப்பிள்ளை ‘ஒ’வில் இருக்கிறார். இதைவிட வினோதம் ஒன்று. 1915இல் குறுந்தொகையை முதலில் பதிப்பித்த சௌரிப்பெருமாளரங்கனின் பெயர் என் கோப்பில் ஆறு இடத்தில் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறேன். ஆனால் தேடும் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. கட்டுரையின் முதல் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியது, அதனாலா?

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

மெய்ப்பு:

அம்மா, பதறாதீர்கள். முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் சொல்கிறேன், பன்னிரண்டு நாள் தாராளம். எழுத்துரு சங்கதியை வேறு யாராவது சொல்வார்கள். நான் பெயரில் தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியல் கெட்டது முதலில் அங்கேதான்.

தமிழ்ப் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து ஊரையோ தந்தை பெயரையோ குறிப்பது. உ.வே.சா.வில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தையார் வேங்கடசுப்பையர். சி.வை. தாமோதரம்பிள்ளையில் ‘சி’ சிறுப்பிட்டி. ஔவை சு. துரைசாமிப்பிள்ளை என்பதில் ‘ஔவை’ கூட ஊர்தான், அவர் பிறந்த ஔவையார்குப்பம். ஊரை வைத்து ஒருவரை அகரவரிசையில் அடுக்கினால், தேடி வருகிறவர் அவரை எங்கே போய்க் கண்டுபிடிப்பார்? ஆகவே ஆளின் பெயர் முன்னால், மற்றது பின்னால்:

சாமிநாதையர், உ. வே.
துரைசாமிப்பிள்ளை, ஔவை சு.
வேங்கடசாமி, மயிலை சீனி.
ஜகந்நாதன், கி. வா.

இதைக் கருவி செய்யாது, உட்கார்ந்து கையால்தான் மாற்ற வேண்டும். மேற்கோள் மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஸோட்டெரோவில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் ‘சாமிநாதையர்’, இரண்டாவதில் ‘உ. வே.’ என்று பிரித்து இடுங்கள். இளங்கோவடிகள், கபிலர் போன்ற ஒற்றைப் பெயருக்கு ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளும் பொத்தான் பக்கத்திலேயே உண்டு.

அடுத்து ஏபிஏ. ஆசிரியர், பிறைக்குறிக்குள் ஆண்டு, நூற்பெயர், பதிப்பகம். அவ்வளவுதான். ஏழாம் பதிப்பில் பதிப்பிட்ட ஊர் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். நம் ஆய்வேடுகளில் ‘சென்னை’ இல்லாத வரியே இருக்காது, பழக்கத்தில் வந்துவிடும், பார்த்து நீக்குங்கள். பதிப்பாசிரியர் என்றால் பெயரை அடுத்து (பதி.) சேர்க்க வேண்டும்: சாமிநாதையர், உ. வே. (பதி.). (1937). குறுந்தொகை. அதன்பின் உங்கள் கையில் இருக்கும் படியின் பதிப்பகம். கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் கட்டுரைக்குள் 1937 எழுதி, சாய்கோடு இட்டு, மறுபதிப்பின் ஆண்டையும் எழுதுங்கள். 1937 என்று மட்டும் போட்டுவிட்டு மறுபதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்தால், பழைய படியைப் புரட்டுகிறவருக்கு அந்தப் பக்கத்தில் வேறு பாட்டு இருக்கும்.

பாட்டுக்குப் பக்க எண்ணே வேண்டாம். பாட்டெண், அடியெண் போதும்: (குறுந். 40: 4-5). எந்தப் பதிப்பை எடுத்தாலும் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். பழைய நூல்களுக்குப் பகுதி எண்ணைக் கொடுக்கச் சொல்லி ஏபிஏவும் சொல்கிறது. உரைக்கு மட்டும் பக்க எண் கட்டாயம். தொல்காப்பியத்தை எடுத்தாள்கிறீர்களா? அப்படியானால் ஒரு எச்சரிக்கை. இளம்பூரணர் கொண்ட நூற்பா எண்ணும் நச்சினார்க்கினியர் கொண்டதும் பல இடங்களில் ஒன்றாக இராது, ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்திருப்பார். எந்த உரைப்படி என்று சேர்த்து எழுதாத நூற்பா எண்ணால் பயனில்லை.

இன்னொன்று. ‘செம்புலப் பெயனீர் போல’ என்று பதிப்பில் இருக்க, இணையத்திலிருந்து எடுத்து ‘செம்புலப் பெயல் நீர் போல’ என்று ஒட்டிவிட்டு, கீழே உ.வே.சா. பதிப்பு என்று போடுகிறார்கள். சந்தி பிரிப்பது தவறில்லை. ஆனால் அப்படி அந்தப் பதிப்பில் இல்லையே! எதைக் காட்டுகிறோமோ அதில் உள்ளபடி எழுத வேண்டும், பிரித்தால் பிரித்தது நான் என்று சொல்லிவிட வேண்டும். உங்கள் கட்டுரையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டையும் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஒரு மாலை நேரம் பிடிக்கும். விட்டுவிடாதீர்கள்.

ஒருங்குறி:

தேடல் ஏன் கிடைக்கவில்லை என்று நான் சொல்கிறேன் சகோ. இது ஒருங்குறிக்கு மாற்றிய மென்பொருளால் வந்த வினை.

‘சௌ’ என்பது ச-வும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. குறி ஒன்றுதான், ஒருங்குறியில் அதற்கு எண்ணும் ஒன்றுதான். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதிக்கு ‘ள’ என்ற எழுத்தையே அடித்துவிடுவோம். அந்த மென்பொருள் அதை அப்படியே ச, ஒற்றைக்கொம்பு, ள என்று மூன்றாக மாற்றி வைத்திருக்கும். திரையில் ‘செள’ என்று தெரியும், கண் அதைச் ‘சௌ’ என்றே படித்துவிடும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஔவையும் இப்படித்தான் ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்தாகி ‘ஒ’வில் போய் விழுந்திருக்கிறது.

ஒகர, ஓகாரத்திலும் இதே சிக்கல் உண்டு. சோதிக்க எளிய வழி: உங்கள் கோப்பில் ‘கொ’ என்ற எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழி விசையை ஒருமுறை அழுத்துங்கள். ‘க’ மிஞ்சினால் எழுத்து சரி. ‘கெ’ மிஞ்சினால் அது கொம்பும் காலும் தனித்தனியாக ஒட்டிய எழுத்து. எண்ணை மட்டும் பார்க்கும் கருவி அதைக் ‘கெ’ வரிசையில்தான் அடுக்கும்.

கொம்பும் காலுமாகப் பிரிந்ததை, தேடி மாற்றும் வசதியில் மொத்தமாக மாற்றிவிடலாம், ஆபத்தில்லை. ஆனால் ‘ெள’ என்பதை மட்டும் தயவுசெய்து மொத்தமாக மாற்றாதீர்கள். வெள்ளம், வெள்ளி, தெளிவு, மெள்ள எல்லாவற்றிலும் அதே இரண்டு குறிகள் வரும். உங்கள் கட்டுரையோ நீரைப் பற்றியது, எத்தனை வெள்ளம் இருக்கும்! ஒரே சொடுக்கில் அத்தனையும் சிதைந்துவிடும். ‘ஒள’வும் அப்படியே, ‘ஒளி’ போய்விடும். ஒவ்வொன்றாக நின்று, பார்த்து, மாற்றுங்கள்.

எழுத்து சரியான பிறகும் அந்தக் கருவி அகரவரிசையைச் சரியாகத் தராது. ஒருங்குறி அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் இருக்கிறது. ‘ற’ என்பது ‘ல’வுக்கு முன்னால், ‘ழ’ என்பது ‘வ’வுக்கு முன்னால். ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில். புள்ளி எல்லாக் குறிகளுக்கும் கடைசியில் வருகிறது. அதனால் கணபதி முன்னால் வந்து கண்ணன் பின்னால் போவார். நம் அகராதி வரிசையில் ‘ண்’ முதலில், ‘ண’ பிறகு, ஆகவே கண்ணன்தான் முன்னால். வேர்டிலேயே வரிசைப்படுத்தும் பெட்டியில், விருப்பங்கள் என்ற இடத்தில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிட்டு அடுக்கிப் பாருங்கள். அப்புறமும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். முப்பது நாற்பது நூல்தானே.

வல்லை வெளி:

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் துணைநூற்பட்டியலை உசாத்துணை என்று சொல்வோம். இதழ் எந்தத் தலைப்பைக் கேட்கிறதோ அதைப் போடுங்கோ.

முந்தைய பதிவுகளில் விடுபட்ட ஒன்று. 1915 பதிப்பை நீங்கள் நேரில் பார்த்தீர்களா, அல்லது இன்னொருவரின் நூலில் படித்தீர்களா? நேரில் பாராதது என்றால், யாருடைய நூலில் பார்த்தீர்களோ அவர் பெயரைச் சொல்லி, ‘அவர் காட்டியபடி’ என்று கட்டுரைக்குள் எழுத வேணும். பட்டியலிலும் நீங்கள் வாசித்த நூல் மட்டும்தான் வரவேணும். பார்க்காத பதிப்பைப் பட்டியலில் சேர்ப்பது சரியில்லை. அந்த மற்றவர் ஆண்டைப் பிழையாக எழுதியிருந்தால் பிழை உங்கள் தலையில் வந்து விடியும்.

அடிக்குறிப்பில் ‘மேலது’, ‘முன்சுட்டிய நூல்’ என்று வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கோ. ஏபிஏ முறையில் அவற்றுக்கு இடமில்லை, ஒவ்வொரு முறையும் பெயரும் ஆண்டும்தான். மூவரும் அதற்கு மேலும் ஆசிரியர்கள் என்றால் முதல் பெயரை எழுதி ‘முதலானோர்’ போதும்.

நீர்முள்ளி:

எல்லாருக்கும் நன்றி. பின்னழி விசையை அழுத்திப் பார்த்தேன், ‘கெ’தான் மிஞ்சியது! முதல் பத்துப் பக்கமும் அப்படியே இருக்கிறது. ஐயா சொன்னபடி பாடல்களை ஒத்துப் பார்த்ததில் ஏழு இடத்தில் பதிப்புக்கும் என் கட்டுரைக்கும் வேறுபாடு. அண்ணா, 1915 பதிப்பை நான் பார்க்கவில்லை, அதை மாற்றிவிடுகிறேன்.

ஒப்புமைதான் பாக்கி. 23 விழுக்காட்டில் பெரும்பகுதி பாடல்கள்தான், பாடலை எப்படி மாற்றி எழுத முடியும்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பத்தியில் பாடலின் பொழிப்புரையை ஒரு வலைப்பக்கத்திலிருந்து எடுத்து, ஆங்காங்கே சொல்லை மாற்றி வைத்திருக்கிறேன். எல்லாரும் செய்வதுதானே என்று நினைத்துவிட்டேன்.

செம்மண்:

சொன்னது நல்லது. கல்லூரியில் இந்த ஒப்புமை அறிக்கைகளைப் பார்க்கும் குழுவில் சில வருடம் இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் பாடல்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் 10 விழுக்காடு வரை நடவடிக்கை இல்லை. அதைக் கணக்கிடும்போது, உரியவரைச் சுட்டி எடுத்தாண்ட மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எல்லாம் விலக்கப்பட வேண்டும் என்றும், பொதுவாக வழங்கும் தொடர்களில் தொடர்ந்து 14 சொல் வரை பொருந்துவதை எண்ண வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே பாடலை மாற்ற வேண்டாம். மேற்கோள் என்று மென்பொருளுக்குத் தெரியும்படி எழுதினால் போதும். நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் ஒற்றை மேற்கோள்குறிக்குள் இருந்ததை விலக்கவில்லை, இரட்டைக் குறி இட்டதும் விலக்கியது. நாம் அச்சில் ஒற்றைக் குறிதான் அதிகம் போடுகிறோம், அதனால் எத்தனையோ பிள்ளைகளுக்கு எண் வீணாக ஏறியது. பாடல்களைக் குறிக்குள் வைத்து, பாட்டெண் கொடுத்து, மேற்கோளை விலக்கி மீண்டும் சோதிக்கச் சொல்லி ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். அறிக்கையின் வண்ணப் பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். எந்த வரி எங்கே பொருந்தியது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது அந்த நான்கு பத்தி. இது வடிவச் சிக்கல் இல்லை தங்கை. பிறர் எழுதிய உரையில் சொல்லை மட்டும் மாற்றினால், எண் 5க்கு இறங்கினாலும் அது அவருடைய உரைதான். நான்கையும் அழித்துவிடுங்கள். வலைப்பக்கத்தை மூடிவிட்டு, பாட்டை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நாற்பதாம் பாட்டில் மொத்தம் ஐந்தே அடி. செம்மண்ணில் விழுந்த மழைநீர் நிறமும் சுவையும் மாறுவதை அந்தப் புலவர் பார்த்திருக்கிறார், பெயர் தெரியாத அவருக்கு அந்த உவமையே பெயராகி, செம்புலப்பெயனீரார் என்று நிற்கிறது. நீர் உவமையைப் பற்றி மூன்று வருடம் படித்த உங்களுக்கு அதற்குப் பொழிப்புரை எழுத யாருடைய பத்தியும் வேண்டாம். உரையாசிரியர் சொன்ன நுட்பம் ஏதாவது தேவைப்பட்டால் அதை அப்படியே மேற்கோளாக, அவர் பெயரோடும் பக்க எண்ணோடும் எடுத்தாளுங்கள்.

மெய்ப்பு:

செம்மண் சொன்னதை அப்படியே செய்யுங்கள் அம்மா. ஒன்று சொல்ல மறந்தேன். நூற்பெயரைச் சாய்வெழுத்தில் போடச் சொல்கிறது ஏபிஏ. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து தனியாக வரையப்பட்டிருக்காது, கணினி நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துவைக்கும், படிக்க இடறும். தடித்த எழுத்தில் போடலாமா என்று இதழாசிரியரையே கேட்டுவிடுங்கள்.

நீர்முள்ளி:

ஒன்பதாம் நாள். நான்கு பத்தியையும் அழித்துவிட்டு எழுதினேன், இரண்டு இரவு ஆயிற்று. நாற்பதாம் பாட்டுக்கு நான் எழுதியது முன்பிருந்ததில் பாதி அளவுதான், ஆனால் நெறியாளரிடம் போனில் படித்துக் காட்டியபோது மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். இதழாசிரியர் தடித்த எழுத்துக்குச் சம்மதித்தார், அறிக்கையின் வண்ணப் பக்கங்களும் வந்தன. பாடல்களை விலக்கிப் பார்த்தால் மிஞ்சியதெல்லாம் அந்த நான்கு பத்திதான்.

ஔகாரத்தை ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன். நாற்பத்தொரு ‘வெள்ளம்’ இருந்தது சகோ, ஒன்றும் கெடவில்லை. துரைசாமிப்பிள்ளை ‘து’வுக்கு வந்துவிட்டார், ஜகந்நாதன் வேங்கடசாமிக்குப் பின்னால் கடைசியில் நிற்கிறார். சௌரிப்பெருமாளரங்கன் பட்டியலில் இல்லை. கட்டுரைக்குள் இருக்கிறார், இப்போது தேடினால் ஆறு இடத்திலும் கிடைக்கிறார். இன்று மாலை அனுப்புகிறேன்.